புரட்டாசி மழையில் காய்கறிப் பெட்டி: இப்போது எதை விதைத்தால் கார்த்திகைக்குக் கைகொடுக்கும்?

காரிமங்கலம்_தோட்டம் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். காரிமங்கலம் பக்கம் ஒன்றரை ஏக்கர் செம்மண் மேட்டு நிலம். கிணறும் சொட்டு நீரும் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி டவுன் இரண்டிலும் சேர்த்து 25 குடும்பங்கள் மாதம் 1,600 ரூபாய் முன்பணம் கட்டி, வாரம் ஒரு பெட்டி வாங்குகிறார்கள். பெட்டிக்கு ஆறு கிலோ, எட்டு வகை என்று பேச்சு. சனிக்கிழமை காலை கொண்டுபோய்க் கொடுப்பது. முழுக்க இயற்கை முறை.

ஆவணி வரை பெட்டி நிறைந்தது. புரட்டாசி பிறந்ததிலிருந்து சாயங்காலம் இடி மழை, மறுநாள் சுள்ளென்று வெயில். கீரை இலைக்கு அடியில் வெள்ளைக் கொப்புளம். தக்காளி பழுக்கும் முன்பே காம்பைச் சுற்றி வெடிக்கிறது. வெண்டையும் கத்தரியும் மட்டும் தேவைக்கு மேல் வருகிறது. அதையே மூன்று வாரம் போட்டால் யார் சமைப்பார்கள்?

இருக்கிற பயிரை எப்படிக் காப்பாற்றுவது, கார்த்திகை, மார்கழிப் பெட்டிக்கு இப்போது என்னென்ன விதைக்க வேண்டும், வெள்ளி சாயங்காலம் பறித்த கீரை சனி காலை அழுகாமல் போய்ச் சேர என்ன வழி? இந்த மூன்றுக்கும் அளவோடு பதில் கிடைத்தால் நல்லது.

---

மொரப்பூர்_மேட்டுக்காடு

முதலில் நாள் கணக்கைப் போடுங்கள். விதைக்கிற நாளிலிருந்து முன்னால் எண்ணாதீர்கள். பெட்டி கொடுக்கிற நாளிலிருந்து பின்னால் எண்ணுங்கள். கார்த்திகை முதல் வாரம் என்றால் நவம்பர் 17-ஐ ஒட்டி. அன்றைக்கு வெண்டை, கொத்தவரை, செடி பீன்ஸ் வேண்டுமானால் முதல் பறிப்புக்கு 45 முதல் 50 நாள். ஆக அக்டோபர் முதல் தேதிக்குள் விதை மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். முள்ளங்கி 40 முதல் 45 நாள், அக்டோபர் 3 வாக்கில். பீட்ரூட் 60 முதல் 70 நாள், அது செப்டம்பர் பாதியிலேயே முடிந்திருக்க வேண்டும்; இப்போது விதைத்தால் கார்த்திகைக் கடைசிக்குத்தான். சிறுகீரை, முளைக்கீரைக்கு 25 நாள் போதும். ஆனால் ஐப்பசிக்குப் பிறகு பகல் குறுகி, குளிரும் ஏறுவதால் நான்கைந்து நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கூடுதல் நாளை விட்டுவிடுவதால்தான் மார்கழிப் பெட்டியில் கீரை இல்லாத வாரம் வருகிறது.

25 குடும்பத்துக்கு வாரம் ஆளுக்கு இரண்டு கட்டு, கட்டு கால் கிலோ என்றால் 12 முதல் 13 கிலோ கீரை. மழைச் சேதாரத்தையும் சேர்த்து 3 அடி அகலம், 60 அடி நீளம் உள்ள ஒரு பாத்தி அதற்குச் சரியாக இருக்கும். அதே அளவில் ஐந்து பாத்தி போட்டு, வாரம் ஒன்று விதைத்துக்கொண்டே வாருங்கள். ஐந்தாவது பாத்தி விதைக்கும்போது முதல் பாத்தி பிடுங்கத் தயாராக இருக்கும். பாத்திக்கு 10 முதல் 15 கிராம் விதை, இரண்டு கிலோ மணலோடு கலந்து தூவினால் போதும். இதற்கு மேல் நெருக்கமாக விழுந்தால் காற்றோட்டம் போய் நீங்கள் சொன்ன கொப்புளம் வரும். அது வெண்துரு நோய். இலை ராத்திரி முழுக்க ஈரமாக இருப்பதுதான் அதற்குத் தோது. கண்ட பாத்தியை மருந்தடித்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். அறுத்து வெளியே போட்டு, அதே இடத்தில் கீரை விதைக்காமல் முள்ளங்கி போடுங்கள்.

முள்ளங்கி வாரம் ஆளுக்கு அரை கிலோ என்றால் நூறு, நூற்றிருபது கிழங்கு. அதே பாத்தியில் ஓரடி இடைவெளியில் மூன்று வரிசை, வரிசைக்குள் நான்கு விரற்கடை. 20 அடி நீளம் போதும். விதை ஐந்து கிராம். பத்தாம் நாள் கலைத்துவிட வேண்டும்.

செம்மண்ணில் மழைக்காலத்தில் பலர் தவறவிடுவது ஒன்று இருக்கிறது. மழை அடித்து மறுநாள் வெயில் காய்ந்தால் மேல் மண் ஓடு கட்டி இறுகிவிடும். விதை முளைத்தும் மேலே வர முடியாது. பிறகு விதை சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை! விதைத்த பிறகு மண்ணால் மூடாமல், சலித்த மண்புழு உரமோ நன்றாக மக்கிய தென்னைநார்க் கழிவோ கால் அங்குலம் தூவி மூடுங்கள். அதன் மேல் மெலிதாகக் கரும்புத் தோகையோ தென்னங்கீற்றோ போட்டு, முளை தெரிந்த அன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளுத்து நீண்டுவிடும்.

பாத்தி உயரம் முக்கால் அடி. சரிவுக்குக் குறுக்கே போட்டு, 100 அடிக்கு அரை அடி வாட்டம் கொடுங்கள். சரிவின் போக்கிலேயே நேராகப் போட்டால் ஒரு மழையில் மேல் மண் முழுக்கக் கீழ் வரப்பில் போய் நிற்கும். கீழ்ப்பக்கம் ஓரடிக்கு ஓரடி வாய்க்கால் வெட்டிப் பண்ணைக்குட்டைக்கோ ஓடைக்கோ விட்டுவிட வேண்டும். நம் இரண்டு மாவட்டத்திலும் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை அதிகம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20 வாக்கில்தானே தொடங்கும் என்று வாய்க்கால் வேலையைத் தள்ளிப்போட்டால் பாதி மழை அதற்கு முன்பே பெய்து முடிந்திருக்கும்.

கொத்தமல்லியும் வாரம் ஒரு பாத்தி போட்டு வாருங்கள், பெட்டிக்கு அது இல்லாமல் முடியாது.

---

ராயக்கோட்டை_தக்காளி

தக்காளிக்கு மட்டும் சொல்கிறேன்.

வெடிப்பதற்குக் காரணம் மழை அல்ல, மழைக்கு முன்னால் இருந்த காய்ச்சல். வேர்ப்பகுதி காய்ந்து கிடக்கும்போது திடீரென்று தண்ணீர் கிடைத்தால் பழத்தின் உள்சதை ஊதும், தோல் அந்த வேகத்துக்கு விரியாது. புரட்டாசி வந்ததும் "மழைதான் பெய்கிறதே" என்று டிரிப்பை மூடிவிடுகிறோம். மூன்று நாள் மழை இல்லையென்றால் செம்மண் மேட்டு நிலம் மறுபடி காய்ந்துவிடும். மழை இல்லாத நாளில் காலையில் 20 நிமிடம் தண்ணீர் விடுங்கள். ஒரு சாண் தோண்டி மண்ணைப் பிடித்துப் பாருங்கள். உருண்டை பிடித்தால் அன்றைக்கு வேண்டாம், உதிர்ந்தால் விடுங்கள்.

பறிப்பை முன்னால் தள்ளுங்கள். அடிப்பக்கம் லேசாக மஞ்சளோ சிவப்போ ஏறியதுமே பறித்துக் கொட்டகையில் ஒற்றை அடுக்காகப் பரப்பினால் மூன்று நான்கு நாளில் பழுக்கும். நேரடியாக வீட்டுக்குப் போகிற காய்க்குச் செடியிலேயே சிவக்க வேண்டும் என்ற ஆசை இருக்கும். மழை மாதத்தில் அது கட்டுப்படியாகாது.

செடியின் கீழ் ஓரடிக்கு இலையை எடுத்துவிடுங்கள். இலைக்கருகல் மண்ணிலிருந்து தெறிக்கிற மழைத்துளியோடுதான் முதலில் அடி இலைக்கு ஏறுகிறது. வட்டத்துக்குள் வட்டமாகப் பழுப்புப் புள்ளி தெரிந்தால் அது முன்பருவக் கருகல். ஈரமான நாளில் இலை ஓரத்திலிருந்து வெந்ததுபோல் கறுத்து வேகமாகப் பரவினால் பின்பருவக் கருகல், அது ஒரு வாரத்தில் தோட்டத்தையே முடித்துவிடும். குச்சி நட்டு, சணலால் இரண்டு அடுக்காவது இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். தரையில் கிடக்கிற செடிக்கு எந்த வைத்தியமும் பலிக்காது.

தடுப்புக்கு சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள்) லிட்டருக்கு 10 கிராம், பத்து நாளைக்கு ஒரு முறை, மாலையில். நோய் தொடங்கிவிட்டால் 1 சத போர்டோ கலவை: மயில்துத்தம் (செம்பு உப்பு) 1 கிலோவை 50 லிட்டரிலும், சுண்ணாம்பு 1 கிலோவை 50 லிட்டரிலும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். இரும்பு, தகரப் பாத்திரம் ஆகாது. பளபளப்பான கத்தி ஒன்றை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். சிவப்பாகப் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, இலை கருகும்; இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். அன்றைக்கே அடித்து முடிக்க வேண்டும், மறுநாளைக்கு வைத்தால் பயனில்லை. இயற்கைச் சான்று முறைகளில் இதற்கு வரம்போடு அனுமதி உண்டு. என்றாலும் அடித்ததை உறுப்பினர்களுக்குச் சொல்லிவிடுங்கள். பக்கத்துக் கீரைப் பாத்தியில் சாரல் விழக்கூடாது. சூடோமோனாஸையும் இதையும் ஒன்றாகவோ அடுத்தடுத்த நாளோ அடிக்காதீர்கள், செம்பு அந்த நுண்ணுயிரைக் கொன்றுவிடும்.

இப்போது குழித்தட்டில் நாற்று விட்டால் 25 நாளில் நடலாம், நட்டதிலிருந்து 60 முதல் 65 நாளில் முதல் பறிப்பு. ஆக மார்கழிக்குத்தான் வரும். கார்த்திகைக்குத் தக்காளி வேண்டுமென்றால் நிற்கிற செடிதான் கதி. நாற்றுக்கு விதை கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நன்மை செய்யும் பூஞ்சாணத் தூள்) கலந்து, தட்டை மழைச் சாரல் படாத இடத்தில் வையுங்கள். தண்ணீர் காலையில் மட்டும். சாயங்காலம் ஊற்றினால் ராத்திரியோடு நாற்று அடி அழுகி, காலையில் கொத்தாகச் சாய்ந்து கிடக்கும்.

---

கெலமங்கலம்_பாத்தி

மொரப்பூர் அண்ணா சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். கொத்தமல்லியைத் திறந்தவெளியில் ஐப்பசிக் கடைசி வரை விதைக்காதீர்கள். முளைக்கவே எட்டு முதல் பதினைந்து நாள் எடுக்கிற பயிர் அது. அதற்குள் இரண்டு பெருமழை அடித்தால் பாத்தியில் பாதிதான் மிஞ்சும், மிஞ்சியதும் சாய்ந்து அழுகும். பெட்டிக்கு வேண்டும் என்றால் 50 சத நிழல்வலையை இடுப்புயரத்துக்கு வளைவாகக் கட்டி அதன் கீழ் போடுங்கள். வலை மழையை நிறுத்தாது, துளியின் அடியை உடைத்துச் சாரலாக்கும். விதையை இரண்டாக உடைத்து, 12 மணி நேரம் ஊறவைத்து விதைத்தால் முளைப்பு ஒரே சீராக இருக்கும். வலை கட்ட வசதி இல்லையென்றால் அந்த இடத்துக்குப் புதினாவும் கறிவேப்பிலையும் போதும். எலுமிச்சை நான்கு போட்டால் வீட்டுக்காரர்கள் கொத்தமல்லியைக் கேட்க மாட்டார்கள்.

பந்தல் காய் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எட்டு வகை தேற அது வேண்டும். பீர்க்கு, பாகல், புடலையில் இந்த மாதம் அடிச்சாம்பல் நோய் வரும்: இலை மேலே நரம்புக்கு நடுவில் மஞ்சள் கட்டம், காலையில் திருப்பிப் பார்த்தால் அடியில் சாம்பல் பூசணம். அடி இலையைக் கழித்து, பந்தலுக்குள் வெளிச்சம் விழ வையுங்கள். பழ ஈக்குக் கடையில் பொறி கேட்கும்போது கவனம். மாம்பழத்துக்கு வைக்கிற மீத்தைல் யூஜினால் என்ற கவர்ச்சிப் பொருள் இதற்கு வேலை செய்யாது. கொடிக்காய்க்குக் கியூ லூர் வேண்டும். நம் ஊர் கடைகளில் மா சீசனில் மிஞ்சிய பொறியைக் கேட்காமலே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். குத்துப்பட்ட காயைப் பந்தலடியிலேயே வீசினால் பொறி வைத்தும் பயனில்லை, இரண்டடி ஆழத்தில் புதைக்க வேண்டும்.

அறுவடைக்கு வருகிறேன். வெள்ளி சாயங்காலம் மழை வரும் முன் பறிக்க முடிந்தால் பறியுங்கள். இல்லையென்றால் சனிக்கிழமை விடியற்காலை. நனைந்த கீரையை அப்படியே கட்டி மூட்டையில் அடைப்பதுதான் அழுகலுக்குக் காரணம். நடுவில் கையை விட்டால் சூடாக இருக்கும். வேரோடு பிடுங்கி, வேர் மண்ணை மட்டும் உதறி, இலையைக் கழுவாமல், கொட்டகையில் சாக்கு மேல் பரப்பி ஒரு மணி நேரம் மின்விசிறி ஓடவிடுங்கள். பிறகு தளர்வாகக் கட்டி, ஓட்டையுள்ள பிளாஸ்டிக் கிரேட்டில் வேர் கீழே இருக்கும்படி நிற்கவைத்து, அடியில் மட்டும் ஈரச் சாக்கு. படுக்கவைத்து அடுக்கினால் அடிக்கட்டு நசுங்கும். வெண்டையைப் பனி, மழை ஈரம் காய்ந்த பிறகுதான் பறிக்க வேண்டும். ஈரத்தில் பறித்து அடுக்கினால் மறுநாள் விளிம்பெல்லாம் கறுத்துவிடும்.

இன்னொன்று. புரட்டாசிச் சனிக்கிழமை பெருமாள் தளிகை போடுகிற வீடுகளுக்குச் சனி காலை பத்து மணிக்குப் பெட்டி போய் என்ன பயன்? இந்த மாதம் மட்டும் வெள்ளி மாலைக்கு மாற்றிவிடுங்கள். பறிப்பும் வெள்ளி விடியலுக்கு நகரும், சாயங்கால மழைத் தொல்லையும் போகும். மகாளய அமாவாசை வாரத்தில் பல வீடுகளில் தக்காளி, கோஸ், பீன்ஸ் சேர்க்க மாட்டார்கள். வாழைக்காய், பூசணி, பாகல், கொத்தவரை, அவரை அதிகம் வையுங்கள். ஆயுத பூஜைக்கு வீட்டுக்கொரு வெண்பூசணி தேவைப்படும். ஆள் அன்றைக்கு வேலைக்கு வராது, முதல் நாளே பறித்து வையுங்கள்; அது கெடாது.

ஓசூர், கெலமங்கலம் பக்கம் சுமார் 900 மீட்டர் உயரம், தர்மபுரி கிட்டத்தட்ட அதில் பாதி. பீன்ஸ், பீட்ரூட், கேரட் எங்களுக்கு முன்னால் வரும். வெண்டை, கத்தரி, கொத்தவரை உங்களுக்கு ஓடும். உங்கள் மிச்ச வெண்டையைக் கொடுத்து இங்கிருந்து பீட்ரூட் வாங்கிக்கொள்கிற மாதிரி ஒரு தோட்டத்தோடு ஏற்பாடு செய்துகொண்டால் "மூன்று வாரமாக வெண்டை" பிரச்சினை தீரும். மாற்றி வாங்கிய காயை எந்த ஊர்த் தோட்டத்தது என்று சீட்டு எழுதி வையுங்கள்.

---

காரிமங்கலம்_தோட்டம்

மூன்று பேருக்கும் நன்றிங்க. டிரிப்பை மூடிவைத்திருந்தது உண்மைதான், இன்றைக்கே திறக்கிறேன். இரண்டு சந்தேகம். முள்ளங்கி இங்கே அடிக்கடி இரண்டு மூன்று காலாகப் பிரிகிறது. அப்புறம், எப்படிப் பார்த்தாலும் ஐப்பசியில் ஒன்றிரண்டு பெட்டி ஆறு கிலோ தேறாது போலிருக்கிறது. முன்பணம் வாங்கியவர்களிடம் கணக்கை எப்படிச் சரிசெய்வது?

---

மொரப்பூர்_மேட்டுக்காடு

கால் பிரிவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம்: மக்காத சாணம், கல். நம் மேட்டு நிலத்தில் ஜல்லி மாதிரிக் கல் அரையடியிலேயே வந்துவிடும். முள்ளங்கிக்கு ஒதுக்கிய 20 அடியை மட்டும் முக்கால் அடி ஆழத்துக்குக் கொத்திக் கல் பொறுக்குங்கள். தொழு உரம் முந்தின பயிருக்குப் போட்டதே போதும், இதற்கென்று புதிதாகப் போட வேண்டாம். நாற்றாகப் பிடுங்கி நடவும் கூடாது.

கொத்தமல்லி விஷயத்தில் கெலமங்கலத்தார் சொல்வது அந்தப் பக்க மழைக்குச் சரி. மொரப்பூர், அரூர் பக்கம் மேடான பாத்தியில் வலை இல்லாமலும் எடுக்க முடிகிறது. காரிமங்கலம் இரண்டுக்கும் நடுவில். ஒரு பாத்தியில் பாதிக்கு வலை போட்டுப் பாருங்கள்.

அவரையைச் சொல்ல மறந்துவிட்டேன். பகல் குறுகும்போதுதான் அது பூக்கும். ஆடியில் கேழ்வரகுக்குள் ஊடுபயிராகப் போட்டது கார்த்திகை முதல் தை வரை காய்க்கும். இப்போது போட்டாலும் பூக்கும். செடி படராமல் சிறியதாக நிற்கும், மகசூல் குறையும், அதனால் நெருக்கி விதையுங்கள். மேகமூட்டமான வாரத்தில் பூங்கொத்தில் அசுவினி கறுப்பாக மொய்க்கும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் காதி சோப்புக் கரைசலில் நன்றாகக் கலந்து அடியுங்கள். சோப்பு இல்லாமல் அடித்தால் எண்ணெய் தனியாக மிதந்து இலையைப் பொசுக்கும்.

---

பெட்டிக்_கணக்கு

கணக்குக்கு நான் சொல்கிறேன். மாதம் 1,600 என்பதை முதலில் நான்கு பெட்டிக்கு 1,600 என்று மாற்றி எழுதுங்கள். ஐந்து சனிக்கிழமை வருகிற மாதத்தில் ஒரு பெட்டி இலவசமாகப் போய்க்கொண்டிருக்கும், 25 குடும்பத்துக்கு அது 10,000 ரூபாய்.

பெட்டிக்கு 400 ரூபாய், ஆறு கிலோ. காய்வாரியாக விலை போட்டு ஒட்டாதீர்கள். இராயக்கோட்டை மண்டியில் தக்காளி கிலோ பத்துக்குக் கீழேயும் போகும், ஐம்பதுக்கு மேலேயும் ஏறும். ஒரு முறை விலைப்பட்டியல் கொடுத்துவிட்டால் இறங்குகிற வாரமெல்லாம் கேள்வி வரும், ஏறுகிற வாரம் யாரும் கூடுதலாகத் தரப்போவதில்லை. எடைதான் கணக்கு. நாலரை கிலோ கொடுத்தால் ஒன்றரை கிலோ பாக்கி என்று நோட்டில் எழுதி, தை, மாசியில் காய் மிஞ்சும்போது கூட்டிக் கொடுங்கள். மாசி முடியும்போது பாக்கி நின்றால் கிலோ 65 ரூபாய் கணக்கில் அடுத்த முன்பணத்தில் கழித்துவிடுங்கள். இதை வாட்ஸ்அப் குழுவில் மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும், பெட்டி குறைந்த அன்றைக்குப் போட்டால் சாக்கு மாதிரி இருக்கும்.

எட்டு வகை என்பதைக் காய்ப் பெயராக இல்லாமல் வகையாகச் சொல்லுங்கள்: கீரை இரண்டு, கிழங்கு ஒன்று, செடிக்காய் இரண்டு, கொடிக்காய் ஒன்று, வாசனைக்கு ஒன்று, இருப்புப் பொருள் ஒன்று. அந்த எட்டாவதுதான் மழை மாதத்தில் எடையைத் தூக்கும். சேமித்த மஞ்சள் பூசணி, சின்ன வெங்காயம், கேழ்வரகு மாவு, மானாவாரிக் கடலை பிடுங்குகிற வாரத்தில் பச்சைக் கடலை ஒரு கிலோ. சீத்தாப்பழமும் இப்போது சீசன்தான். மலையோரத்தில் கூடைக்கணக்கில் கிடைக்கும். கண் விரிந்த காயாகப் பார்த்து வாங்கி, பழுக்கும் முன்பே பெட்டியில் போடுங்கள். பழுத்ததைப் போட்டால் கீரை மேல் நசுங்கி எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

அடுக்கும்போது பூசணி, கிழங்கு அடியில். வெண்டை, கத்தரி நடுவில். தக்காளி மேலே காம்பு கீழ்ப்பக்கமாக. கீரையைப் பெட்டிக்குள் வைக்காமல் தனிக் கட்டாகக் கொடுங்கள். காலிப் பெட்டியைத் திரும்ப வாங்கியதும் சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். புரட்டாசியில் வெயில் கிடைக்காத வாரம் வரும், அதற்கு 25 பெட்டிக்கு 50 பெட்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.